பழைய ஸ்டார்ட்டர் பெட்டிகளைத் திருத்துவது குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்புக்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மாரி தொடங்கியதும் கந்தளாய், தம்பலகாமம் பக்கத்து அரிசி ஆலைகளிலிருந்தும் கொட்பே பக்கத்து ஐஸ் ஆலைகளிலிருந்தும் மோட்டாரை ஓட்டி நிறுத்தும் பழைய ஸ்டார்ட்டர் பெட்டிகள் எங்கள் பட்டறைக்கு வருவது வழமை. "கொயிலை மட்டும் மாற்றித் தாருங்கள், மற்றதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது" என்று பலரும் கேட்கிறீர்கள். சில வேளைகளில் அப்படிச் செய்து தர ஏன் மறுக்கிறோம் என்பதை விளக்கவே இம்மடல்.

பொத்தானை அழுத்தியதும் மோட்டார் ஓடுகிறது என்பதற்காக அந்த ஸ்டார்ட்டர் நல்ல நிலையில் இருக்கிறது என்று கொள்ள முடியாது. ஆபத்து நேரத்தில் மோட்டாரை நிறுத்துவதும் அதன் வேலைதான். அந்த வேலை கெட்டுப்போயிருப்பது மோட்டார் எரியும் நாள் வரை வெளியே தெரிவதில்லை.

நிறுத்தும் வேலையைத் தொடங்கி வைப்பது ஓவர்லோட் ரிலே. வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிய பட்டை அதனுள் இருக்கிறது. மின்னோட்டம் மிஞ்சினால் பட்டை சூடேறி வளைந்து, மோட்டாருக்கு மின்னை இணைக்கும் காந்த சுவிட்சான கொண்டக்டரின் கொயிலுக்குப் (காந்தச் சுருளுக்கு) போகும் மின்னை 95, 96 என்று எண்ணிட்ட முனைகளில் துண்டிக்கிறது. அண்மையில் ஓர் அரிசி ஆலையிலிருந்து வந்த பெட்டியில் அந்த இரு முனைகளையும் ஒரு துண்டுச் சிவப்பு வயர் இணைத்திருந்தது. ரிலே அடிக்கடி விழுந்து (மின்னைத் துண்டித்து) அறுவடைக் காலத்து வேலை தடைப்பட்டதால் யாரோ அப்படிச் செய்திருக்கிறார்கள். ரிலேயில் பழுதில்லை, மோட்டாரின் பெயாரிங் இறுகியதால் மின்னோட்டம் கூடியதைத்தான் அது சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தது. இத்தகைய இணைப்பைக் கண்டால் அகற்றாமல் பெட்டியைத் திருப்பித் தரமாட்டோம்.

ரிலேயின் அளவை வைப்பதிலும் கவனம் வேண்டும். பெயர்த்தகட்டில் 15 அம்பியர் என்று இருக்கும் மோட்டாருக்கு நேரடி ஸ்டார்ட்டரில் 15 என்றே வைக்கலாம். மோட்டாரின் சுருள்களை முதலில் ஸ்டாராகவும் பின்னர் டெல்டாவாகவும் இணைத்து ஓட்டும் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே டெல்டா வளையத்துக்குள் பொருத்தப்பட்டிருந்தால் அதன் 0.58 பங்கான 8.7 அம்பியர்தான் வைக்க வேண்டும். அங்கும் 15 என்று வைத்தால் மோட்டாருக்குப் பாதுகாப்பு இல்லாததற்குச் சமம். சர்வதேசத் தரத்தின்படி, வைத்த அளவின் 1.05 மடங்கில் ரிலே 2 மணி நேரத்துக்குள் விழக்கூடாது. அதன் பின் 1.2 மடங்குக்கு உயர்த்தினால் 2 மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். பழைய ரிலேயை மின்னோட்டம் கொடுத்துச் சோதித்துப் பார்த்த பின்னரே மீண்டும் பொருத்துவோம். மும்முனை மின்னின் மூன்று பேஸில் ஒன்று போய்விட்டால் எஞ்சிய இரண்டில் மின்னோட்டம் ஏறத்தாழ 1.7 மடங்காகும் என்பதால், இரண்டு பேஸில் மட்டும் பட்டை உள்ள மிகப் பழைய ரிலேக்களை, அவை வேலை செய்தாலும், மாற்றிவிடும்படியே சொல்கிறோம்.

கொண்டக்டரில் தொட்டும் விலகியும் மின்னை இணைத்துத் துண்டிக்கும் பொயின்ட்கள் ஒட்டிக்கொண்டால் ரிலே விழுந்தும் பயனில்லை. கொயிலில் மின் நின்றாலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே பொயின்ட்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கிறோம். வெள்ளிக் கலவைப் பொயின்ட் கறுத்திருப்பது இயல்பே, அதை அரம் போட்டுத் தேய்த்தால் வெள்ளிதான் வீணாகும். வெள்ளி தேய்ந்து அடியிலுள்ள செம்பு தெரிந்தால் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அந்த வகைக்குப் பொயின்ட் கிடைக்காவிட்டால் புதிய கொண்டக்டர்தான் வழி. அதையும் ஏசி-3 என்ற மோட்டார் வகை அளவைப் பார்த்தே வாங்குங்கள், மேலே பெரிதாக அச்சிட்டிருக்கும் ஏசி-1 அளவு மோட்டாருக்கு உரியதன்று.

ஜப்பானிலிருந்து வரும் பாவித்த பெட்டிகள் மலிவு என்பது உண்மைதான். ஆனால் அங்குள்ள மும்முனை மின் 200 வோல்ட். அந்தக் கொயிலை நமது 230 வோல்டில் இணைத்தால் சூடேறி எரிந்துவிடும். கொயிலில் எழுதியிருப்பதை வாசிக்காமல் பொருத்த வேண்டாம்.

இரும்புப் பெட்டி, செப்புப் பட்டைகள், பொத்தான்கள் ஆகியவற்றை வீசத் தேவையில்லை. உப்புக்காற்றில் பச்சை பூத்த முனைகளைத் துப்புரவாக்கி, நன்கு உலர்த்தி, 500 வோல்ட் மெகரில் (மின்காப்பை அளக்கும் கருவியில்) குறைந்தது 1 மெகாஓம் காட்டினால் அவற்றைத் தாராளமாகப் பாவிக்கலாம். மிகப் பழைய கொண்டக்டர்களின் தீப்பொறி மறைப்புகளில் அஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அவற்றை உடைக்கவோ உரசவோ காற்றடித்துத் தூசு தட்டவோ வேண்டாம். எண்ணெய் கசியும் பழைய கெப்பாசிட்டர்களையும் வெறுங்கையால் தொடாதீர்கள்.

பெட்டியைக் கழற்றுமுன் மெயின் சுவிட்சை நிறுத்தி, பியூஸ்களைக் கழற்றி உங்கள் கையிலேயே வைத்துக்கொண்டு, மூன்று முனைகளிலும் மின் இல்லை என்பதைச் சோதித்துப் பாருங்கள். கொண்டு வரும்போது மோட்டாரின் பெயர்த்தகட்டுப் படத்தையும், மணிக்கு எத்தனை தடவை மோட்டாரை ஓட்டி நிறுத்துகிறீர்கள் என்ற விபரத்தையும் தாருங்கள். எதைத் திருத்தலாம், எதை மாற்ற வேண்டும் என்பதைச் செலவு விபரத்துடன் எழுதித் தந்து, உங்கள் சம்மதம் பெற்ற பின்னரே வேலையைத் தொடங்குவோம்.

இங்ஙனம்,
மோட்டார் திருத்தும் பட்டறையினர்,
திருகோணமலை.