அமெரிக்காவில், டாம்பாவில் இருக்கும் பாபுவுக்கு

வேலூர்
8.12.2024

அன்புள்ள பாபு,

உன் கடிதம் தீபாவளிக்கு முன்னாலேயே வந்துவிட்டது. பதில் போடாததற்கு எவ்வளவு திட்ட வேண்டுமோ திட்டிக்கொள். இப்போது எழுதுவது அம்மா விஷயமாக. பதறாதே, நன்றாக இருக்கிறார்கள். என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, ரசத்தில் புளி போதவில்லை என்று என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஃபெஞ்சல் புயல் செய்தியை நீ அங்கே பார்த்திருப்பாய். இங்கே அது பெரிய கூத்து. 27ஆம் தேதி புயலாக மாறும் என்றார்கள். 28ஆம் தேதி மாறாது, வலுவிழந்துதான் கரைக்கு வரும் என்றார்கள். 29ஆம் தேதி மதியம் மாறிவிட்டது என்றார்கள். டீக்கடையில் சும்மா விடுவார்களா? வானிலை மையத்து ரமணன் காலத்து ஜோக்கையெல்லாம் தூசி தட்டி எடுத்துவிட்டார்கள். "வானிலைக்காரன் மழைன்னா நான் துணி துவைச்சுக் காயப்போடுவேன்" என்றான் நம்ம சோடாபுட்டி. அவன் என்றைக்குத் துணி துவைத்தான், அதை விடு. என் பையனுக்கு ஒரே கவலை: கலெக்டர் லீவு விடுவாரா, மாட்டாரா.

சனிக்கிழமை மதியம் கரை கடக்கும் என்ற புயல் ராத்திரி பத்தரைக்கு மேல்தான் புதுச்சேரி பக்கம் கடந்தது. டிவியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நனைந்தவர்கள் எல்லாம் வீட்டுக்குப் போனார்கள், நம்ம ஊரும் போர்த்திக்கொண்டு தூங்கியது. ஞாயிறு காலை அம்மாவுக்குப் போன் பண்ணி, "விருதம்பட்டுல இருக்க வேணாம், வந்துடுங்க" என்றேன். "புயல்தான் பாண்டிச்சேரியோட முடிஞ்சிடுச்சே, இங்க இன்னாத்துக்குடா வரப் போவுது? நான் பார்க்காத வெள்ளமா?" என்றார்கள்.

முடியவில்லையே! கடந்த பிறகு அங்கேயே நகராமல் உட்கார்ந்துகொண்டது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர். அப்புறம் உள்ளே வந்தது. மறுநாள் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். ஊத்தங்கரைக்கும் கடலுக்கும் என்னடா சம்பந்தம்? திருப்பத்தூர் பக்கத்து ஊர் அது. ஞாயிறு சாயந்திரம் திருவண்ணாமலையில் மலை சரிந்து ஏழு பேர் மண்ணுக்குள் போய்விட்டார்கள், அதில் ஐந்து குழந்தைகள். இப்போது தீபத்துக்கு மலை ஏற விடுவார்களா என்பதே பேச்சு. திங்கள் விடியற்காலை சாத்தனூர் அணையில் வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். எச்சரிக்கை கொடுத்தோம் என்கிறது அரசு, எங்களுக்கு வரவில்லை என்கிறார்கள் ஆற்றோரத்துக்காரர்கள். இரண்டு பேருமே உண்மைதான் பேசுகிறார்கள் என்று எனக்குப் படுகிறது. அறிக்கை வெளிவருவது வேறு, விடியற்காலை மூன்று மணிக்குத் தூங்குகிறவன் காதில் விழுவது வேறு.

நமக்கு இது புதுசும் இல்லை. 2021 நவம்பரில் வந்தது புயலே இல்லை, வெறும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். பேர் வைக்காததற்கு நம்ம ஊரில் மரியாதை கிடையாது, யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேரணாம்பட்டில் வீடு இடிந்து ஒன்பது பேர் போனார்கள். பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. அகழித் தண்ணீர் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் ஏறி நின்றது. பேண்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சாமி கும்பிட வந்தவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, அம்மாவுக்கு வருகிறேன். ஞாயிறு சாயந்திரம் ஆட்டோ பிடித்துப் போய்க் கிட்டத்தட்ட கடத்திக்கொண்டு வந்தேன். மஞ்சள் பையில் ரேஷன் கார்டு, மாத்திரை டப்பா, கொல்லையிலிருந்து ஒடித்த ஒரு கொத்து கறிவேப்பிலை. அவ்வளவுதான் சொத்து. செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தால் சாக்கடைத் தண்ணீர் வாசல்படி வரை வந்து சேற்றுக்கோடு போட்டிருக்கிறது, உள்ளே வரவில்லை. அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. "பாத்தியா, வரவே இல்ல. வெட்டியா அலைக்கழிச்சியே!"

உன் கடிதத்தை அன்று ராத்திரிதான் மறுபடி எடுத்துப் படித்தேன். "மில்டன் புயல் வந்தபோது, போகாதவர்கள் செத்துப்போவீர்கள் என்று மேயர் அம்மா டிவியில் சொன்னார், நாங்கள் எல்லோரும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறோம், அடுத்த முறை நான் நகர மாட்டேன்" என்று எழுதியிருக்கிறாய். தாயும் பிள்ளையும் ஒரே அச்சு!

டேய், கொஞ்சம் நினைத்துப் பார். உங்கள் ஊர் தப்பித்தது, புயல் கொஞ்சம் தெற்கே சியெஸ்டா கீயில் இறங்கியதால். வடக்கே இறங்கியிருந்தால் கதை வேறு. காற்று கடலை விரிகுடாவிலிருந்து வெளியே தள்ளியது, அதனால்தான் தண்ணீர் வற்றிப்போன படத்தை எனக்கு அனுப்பினாய். அதற்கு இரண்டு வாரம் முன்னால் ஹெலீன் புயல் எங்கேயோ வடக்கே பெர்ரி பக்கம் இறங்கியது, ஆனால் கடல் உங்கள் தெருவுக்கு வந்தது. நீயே எழுதினாய், பக்கத்து வீட்டுக்காரர் சோபாவை ரோட்டில் போட்டார் என்று. 2022இல் இயான் புயல் டாம்பாவுக்குத்தான் வரும் என்று எல்லோரும் வானிலைப் படத்தில் நடுவில் போட்ட கோட்டையே பார்த்தார்கள், போர்ட் மையர்ஸ் பக்கம் செத்தார்கள். அவர்களும் அந்தக் கோட்டைச் சுற்றிப் போட்ட கூம்புக்குள்தான் இருந்தார்கள். கோடு நம்ம வீட்டு மேல் இல்லையென்றால் நமக்கில்லை என்று யார் சொன்னது? வானிலைக்காரர்கள் அந்தக் கூம்பைப் போடுவதே புயல் இதற்குள் எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்று காட்டத்தான். சொன்ன நேரம் தவறினால் திட்டு, எனக்கு ஆட்சேபணை இல்லை, நானும் திட்டுகிறேன். ஆனால் திட்டிக்கொண்டே மூட்டையைக் கட்டு.

பசங்களைக் கேட்டதாகச் சொல். அம்மா பொங்கல் வரை இங்கேதான் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது சீரியல் நேரத்தில் பண்ணாதே, எனக்குத்தான் திட்டு விழுகிறது. உங்கள் ஊரில் வெளியேறச் சொல்லும் மண்டலத்துக்கு ஏ, பி என்று எழுத்து வைத்திருக்கிறார்களே, உன் வீடு எதில் வருகிறது? அதை மட்டும் உடனே எழுதிப் போடு. அம்மா கேட்டால் நான் பதில் சொல்ல வேண்டும்.

உன்,
குமார்