செயலாளரின் ஆண்டறிக்கை: 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை

மதிப்பிற்குரிய தலைவர் அண்ணன் அவர்களே, பொருளாளர் அவர்களே, வெயிலைப் பாராமல் வந்திருக்கும் உறுப்பினர்களே, ஆச்சிமார்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு ஐந்து முறை கூடியது. ஊருணிக் கரையில் மண்டியிருந்த சீமைக் கருவேலம் ஆடியில் வெட்டப்பட்டது. ஆகஸ்ட் 15 கொடியேற்றம் வழக்கம்போல் நடந்தது. பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேருக்குப் பழைய வீடுகளைச் சுற்றிக் காட்டினோம். மேலத் தெருவில் ஒரு வீட்டுக்கு ஓடு மாற்ற ஆள் ஏற்பாடு செய்துகொடுத்தோம். இந்த ஆண்டு நம்மைவிட்டுப் பிரிந்த மூன்று உறுப்பினர்களுக்கும் சங்கத்தின் அஞ்சலி.

இனி, வடக்குத் தெருவில் உள்ள பழைய செட்டிநாட்டுப் பெரிய வீட்டைப் பார்க்க வருகிறவர்களுக்கான தற்காலிகச் சாப்பாட்டு ஏற்பாடு. இதைப் பற்றி ஊரில் பல பேச்சு உலவுகிறது. நடந்தது என்னவென்று பொதுக்குழுவுக்கு முழுதாகச் சொல்லிவிட விரும்புகிறேன்.

மார்கழி பிறந்தால் மாசி முடியும்வரை நம் ஊருக்குக் கார்கள் வருகின்றன. காரைக்குடியில் தங்குகிறார்கள், கானாடுகாத்தானில் வீடுகளைப் பார்க்கிறார்கள், ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் பூக்கல் வார்ப்பதைப் பார்க்கிறார்கள். இடையில் நம் ஊருக்குள் நுழையும்போது மணி பன்னிரண்டரை ஆகிவிடுகிறது. இங்கே இருப்பது ஒரு டீக்கடை. அதுவும் ஒரு மணிக்குச் சாத்திவிடும். வீட்டை ஆற அமரப் பார்க்க வேண்டியவர்கள் கால் மணி நேரத்தில் புறப்பட்டுவிடுகிறார்கள், அல்லது கட்டிக்கொண்டு வந்த பொட்டலத்தைத் திண்ணையிலேயே பிரிக்கிறார்கள்.

2023 பொங்கல் விடுமுறையில் ஒரு சுற்றுலா பஸ்ஸில் வந்தவர்கள் முகப்பிலேயே கேஸ் அடுப்பை மூட்டிச் சாப்பாட்டைச் சூடு செய்தார்கள். காவலுக்கு இருந்தவர் வயதானவர். அவர் சொல்லியும் கேட்கவில்லை. அன்று மாலை நான் போய்ப் பார்த்தபோது சுவரில் ஒரு முழ உயரத்துக்குக் கரி படிந்திருந்தது. அது சுண்ணாம்பைக் கடுக்காய் நீரும் கருப்பட்டியும் விட்டு அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பூச்சு. கண்ணாடிபோல் முகம் தெரியும். அதன்மேல் இன்றைய வண்ணத்தை அடித்து மறைத்தால் அந்த மினுமினுப்பு போனது போனதுதான். தரையில் எலுமிச்சைச் சோறு சிந்திக் கிடந்தது. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்ட கல் அல்ல. கண்ணாடிப் பலகையின்மேல் வண்ணச் சாந்தை ஊற்றி, சிமெண்டும் மணலும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. புளிப்பு பட்டால் அரிக்கும், மஞ்சள் பட்டால் கறை நிற்கும். அந்தக் கறை இன்றும் இருக்கிறது. கூட்டம் முடிந்தபின் யாரும் போய்ப் பார்க்கலாம்.

அந்த மாலைதான் இந்த வேலைக்குத் தொடக்கம். வருகிறவர்களைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத்துக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. பத்தாண்டு ஆகிறது. பார்க்க வருகிறவர்கள் இல்லாமல் இந்த வீடுகளுக்கு வருமானம் கிடையாது, வருமானம் இல்லாமல் ஓடு மாற்ற வழி கிடையாது. ஆனால் அவர்களுடைய பசிக்கு நாம் ஓர் இடம் காட்டாவிட்டால், அவர்களாகவே ஓர் இடம் கண்டுபிடித்துக்கொள்வார்கள். அது முகப்பாகத்தான் இருக்கும்.

நிரந்தரமாக ஒரு கட்டடமே கட்டிவிடலாமே என்று சிலர் கேட்டார்கள். கூடாது என்பதற்கு நான் சொன்ன காரணத்தைப் பதிவு செய்கிறேன். பெரிய வீடு கிழக்குப் பார்த்தது. தோட்டம் மேற்கே, பின் தெருவரை போகிறது. மார்கழி, தையில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். அடுப்பைத் தோட்டத்தின் தென்மேற்கு மூலையில் வைத்தால் புகை வீட்டுப் பக்கமே திரும்பாது. ஆடியில் அதே அடுப்பை மூட்டினால் மேல்காற்று அவ்வளவு புகையையும் வளவுக்குள், அதாவது வீட்டின் உள்முற்றப் பகுதிக்குள், கொண்டுவந்து கொட்டும். ஆகவே காற்றே நமக்குக் கெடு வைத்திருக்கிறது. வாடை தொடங்கியபின் போட வேண்டும், திரும்புமுன் பிரித்துவிட வேண்டும்.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. இந்த வீடுகள் பந்தி போடுவதற்கென்றே கட்டப்பட்டவை. கல்யாணம் என்றால் நம் ஐயாக்கள் காலத்தில் தோட்டத்தில் சமையலுக்கு ஆக்குப்புரை போட்டு, கோட்டை அடுப்பு வெட்டி, ஆயிரம் இலை போட்டுவிட்டு, நாலாம் நாள் அடையாளம் தெரியாமல் மண்ணை மூடினார்கள். முதலிலேயே தோட்டத்துக்குப் பின் தெருவில் தனி வாசல் வைத்திருக்கிறார்கள். அரிசி மூட்டையும் விறகும் வீட்டுக்குள் வராமல் போக வேண்டும் என்று எண்ணியே வைத்தார்கள். அந்த வாசல்தான் இன்றைக்கு நம் திட்டத்தின் உயிர்.

கீற்றுக் கொட்டகை வேண்டாம் என்று முதல் கூட்டத்திலேயே முடிவு செய்தோம். 2004 ஜூலையில் கும்பகோணத்தில் பள்ளிச் சமையல் கூடத்தின் கூரையில் பற்றிய தீ 94 பிள்ளைகளைக் கொண்டுபோனதை யாரும் மறந்திருக்க முடியாது. அடுப்பின் மேலே தகரம், சாப்பிடும் இடத்தில் துணிப் பந்தல். அடுப்புக்கும் வீட்டுச் சுவருக்கும் அறுபது அடி. பந்தல் கால்களுக்குக் குழி தோண்டுவதில்லை, மணல் நிரப்பிய டிரம்களில் நிறுத்துவது. தூணிலோ சுவரிலோ ஓர் ஆணிகூட அடிப்பதில்லை. வீட்டு மின்கம்பியில் இருந்து ஒரு விளக்குக்குக்கூட இணைப்பு எடுப்பதில்லை. அந்தக் கம்பிகள் மரப்பட்டைக்குள் ஓடுகிறவை, மாவரைக்கும் இயந்திரத்தின் பளுவைத் தாங்காது. வளவுக்குள் சாப்பாடு இல்லை, காபி டம்ளர்கூட இல்லை.

வெளியூர் ஒப்பந்தக்காரர் ஒருவர் நல்ல தொகை தருவதாகச் சொல்லி வந்தார். வீட்டுக்குள் இருக்கும் கல்யாணக் கொட்டகையிலேயே மேசை போட்டு, அதற்கு உள்ளே இருக்கும் இரண்டாங்கட்டில் கேஸ் அடுப்பை வைத்துக்கொள்வதாகச் சொன்னார். மறுத்துவிட்டேன். சங்கத்துக்கு வரவேண்டிய பணத்தைச் செயலாளர் தள்ளிவிட்டார் என்ற பேச்சு அதிலிருந்து எழுந்ததுதான். பர்மாத் தேக்குத் தூண்களுக்கு நடுவே எண்ணெய்ச் சட்டி கொதிப்பதற்குச் சம்மதிக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. இருந்தாலும் சம்மதித்திருக்க மாட்டேன்.

இறைச்சி வேண்டும், செட்டிநாடு என்றாலே கோழியைத்தானே கேட்கிறார்கள் என்று ஒரு கூட்டம் முழுக்க வாதம் நடந்தது. இறைச்சியை 5 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும். தோட்டத்தில் நமக்கு அதற்கான மின்சாரம் இல்லை. ஆகவே சைவம் மட்டும்.

உணவுப் பாதுகாப்புப் பதிவைச் சங்கத்தின் பெயரில் எடுத்தோம். ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தவர்களுக்கு அப்போது கட்டணம் வெறும் 100 ரூபாய். செலவு இல்லைதான், ஆனால் அலைச்சல் இருந்தது. ஓர் அலுவலகத்தில் நம் மனு ஏழு வாரம் தூங்கியது. நான் நான்கு முறை பஸ் ஏறிப் போய்வந்தேன். அந்தப் பயணச் செலவை நான் கணக்கில் எழுதவில்லை.

வெள்ளோட்டம் ஜனவரி 26, 27, 28 ஆகிய மூன்று நாட்கள். முதல் நாள் 64 இலை, இரண்டாம் நாள் 118, மூன்றாம் நாள் 97. வாழை இலைச் சாப்பாடு. மாலை நாலு மணிக்குப் பாக்கு மட்டைத் தொன்னையில் வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கவுனி அரிசி. பணியாரம் சுட்டது நம் ஊர் ஆச்சிமார் ஐந்து பேர். அவர்களில் மூத்தவருக்கு 78 வயது. மாவின் பதத்தை விரலால் தொட்டுச் சொல்லிக்கொண்டே மூன்று நாளும் அடுப்பைவிட்டு நகரவில்லை. பிளாஸ்டிக் குவளை ஒன்றுகூட உள்ளே வரவில்லை. வணிகச் சிலிண்டர்தான் வாங்கினோம். வீட்டுச் சிலிண்டரைக் கொடுக்க வந்தவர்களுக்கு நன்றி சொல்லித் திருப்பி அனுப்பினோம்.

தவறுகளையும் சொல்ல வேண்டும். இரண்டாம் நாள் ஒன்றே முக்காலுக்குச் சோறு தீர்ந்துவிட்டது. மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பம் முக்கால் மணி நேரம் காத்திருந்தது. அடுத்த உலை வைக்கும் நேரத்தை இலை எண்ணிக்கையோடு சேர்த்துக் கணக்கிட்டிருக்க வேண்டும். நான் கணக்கிடவில்லை. அதைவிடப் பெரிய தவறு தண்ணீரில் நேர்ந்தது. நம் வீடுகளின் மழைத் தண்ணீர் முற்றத்திலிருந்து தெருக் கால்வாய் வழியாக ஊருணிக்குப் போகும்படி முன்னோர் அமைத்தது உங்களுக்குத் தெரியும். உதவிக்கு வந்த பையன் ஒருவன் வடிகஞ்சியை அந்தக் கால்வாயில் ஊற்றிவிட்டான். அது நல்ல தண்ணீருக்கான வழி என்பது அவனுக்குத் தெரியாது. நாமும் சொல்லிவைக்கவில்லை. மண்ணால் அடைத்து, வாளியால் மொண்டு வெளியேற்றினோம். ஊருணிவரை போகவில்லை. அடுத்த முறை கழுநீருக்குத் தோட்டத்தின் கோடியில் சரளைக் கல் நிரப்பிய உறிஞ்சுகுழி, இலைக்குத் தனிக் குழி, கால்வாய் வாயில் ஒரு பலகைத் தடுப்பு. இந்த மூன்றும் இல்லாமல் அடுப்பு மூட்டக் கூடாது என்று செயற்குழுவில் எழுதிவைத்திருக்கிறேன். கழிப்பறையும் வாடகைக்கு எடுக்க வேண்டும். பெண்கள் படும் சிரமத்தை மூன்று நாளும் கண்ணால் பார்த்தோம்.

29ஆம் தேதி மாலைக்குள் பந்தலைப் பிரித்துவிட்டோம். சுவரில் புகை இல்லை, தரையில் கறை இல்லை. சாப்பிட்ட பெரும்பாலானோர் திரும்பவும் வளவுக்குள் போய் இன்னொரு முறை சுற்றிப் பார்த்தார்கள். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

இப்போது சொல்லக் கசப்பான பகுதி. பெரிய வீட்டுக்குப் பங்காளிகள் 11 புள்ளிகள், அதாவது 11 தனித்தனிக் குடும்பங்கள். 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்தபின் வரவு நின்று, பிழைப்புத் தேடிப் பல ஊர்களுக்குப் பிரிந்த குடும்பம். அவர்கள் இங்கே இல்லை என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. வெள்ளோட்டத்துக்கு வாய்மொழிச் சம்மதம் போதுமாக இருந்தது. முழுப் பருவத்துக்கு நடத்த எல்லாரும் எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும். ஏழு பேர் கையொப்பமிட்டுவிட்டார்கள். நான்கு பேருக்கு மூன்று முறை பதிவுத் தபால் அனுப்பினேன். ஒன்று திரும்பி வந்தது. மற்றவற்றைப் பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி இருக்கிறது, பதில்தான் இல்லை. வேண்டாம் என்று எழுதினால்கூட அதற்கு மதிப்புக் கொடுத்துத் திட்டத்தை மாற்றியிருப்பேன்.

சங்கத்திலும் இதே நிலைதான். உறுப்பினர்கள் 43 பேர். ஆண்டுச் சந்தா 600 ரூபாய். 17 பேர் இரண்டு ஆண்டாகக் கட்டவில்லை. பெயர்களை வாசிக்கப் போவதில்லை. செப்டம்பர் செயற்குழுவுக்கு நான்கே பேர் வந்தோம். வெள்ளோட்ட நாட்களில் இலை எடுக்க ஆள் இல்லாமல் தலைவர் அண்ணன் தன் கையால் இலை எடுத்தார். அவருக்கு 71 வயது. அந்த மூன்று நாளும் நம் உறுப்பினர்கள் சிலர் ஊரில்தான் இருந்தார்கள். வந்து சாப்பிட்டுவிட்டும் போனார்கள். செயலாளர் ஓட்டல் நடத்துகிறார் என்று சொன்னவர்களுக்கும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: ரசீதுக் கட்டு பொருளாளரிடம் இருக்கிறது, புரட்டிப் பாருங்கள். ஒரு காசு என் கைக்கு வந்திருந்தால் இந்தப் பொறுப்பில் இருக்க மாட்டேன்.

வரவு செலவைப் பொருளாளர் விரிவாக வைப்பார். சுருக்கமாக: சந்தா வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு. வெள்ளோட்டத்தில் பந்தல், பாத்திர வாடகை, மளிகை, கூலி போகச் சிறு மிச்சம் நின்றது. அது வீட்டுப் பராமரிப்புக் கணக்கில் சேர்க்கப்பட்டது. கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் கூடுதல். தணிக்கை முடிந்து பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய படிவங்கள் தயாராகி வருகின்றன.

அண்டாவும் தேக்சாவும் தந்த மேலத் தெருக் குடும்பத்தாருக்கும், கிணற்றைத் திறந்துவிட்ட பக்கத்து வீட்டு ஆச்சிக்கும், பணியாரம் சுட்ட ஐவருக்கும், காவல்காரப் பெரியவருக்கும், கணக்கை ஒழுங்காக வைத்திருக்கும் பொருளாளருக்கும், எல்லாவற்றுக்கும் துணை நின்ற தலைவர் அண்ணனுக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டுக்கு என் எண்ணம் இது: டிசம்பர் 16, மார்கழி முதல் நாள் பந்தல் ஏற வேண்டும். சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும் அடுப்பு மூட்ட வேண்டும். மாசி நிறைவதற்குள் பிரித்துவிட வேண்டும். பந்தல்காரர் ஆவணிக்குள் முன்பணம் கேட்கிறார். உறிஞ்சுகுழிக்கும் கழிப்பறைக்கும் அதற்கு முன்பே பணம் வேண்டும். அந்த 17 பேர் இரண்டு ஆண்டுச் சந்தாவைக் கட்டினாலே 20,400 ரூபாய் வரும், தொடக்கச் செலவுக்கு வெளியே கைநீட்ட வேண்டியிருக்காது. நன்கொடை கேட்பது என் வழக்கமில்லை, இன்றும் கேட்கவில்லை. ஆனால் நான்கு ஒப்புதல் கடிதங்கள் ஆடிக்குள் வராவிட்டால், தை மாதம் முகப்பில் யாரேனும் அடுப்பை மூட்டும்போது தடுத்துச் சொல்ல நமக்கு ஓர் இடம் இருக்காது.

எனக்கு முழங்கால் வலி கூடிவிட்டது. ஓடியாடச் சக்தியுள்ள இளையவர் யாரேனும் இந்தப் பொறுப்பை ஏற்க முன்வந்தால் கோப்புகள், பந்தல் வரைபடம், இலைக் கணக்கு எல்லாவற்றையும் ஒப்படைத்துக் கூடவே நிற்கிறேன். யாரும் வராவிட்டால் நானே தொடர்கிறேன். ஒப்புதல் படிவங்களும் சந்தா ரசீதுப் புத்தகமும் இந்த மேசையிலேயே இருக்கின்றன. சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பங்காளிகளின் உறவினர்கள் இங்கே வந்திருப்பதை அறிவேன். போகும்போது அவர்களுக்காக ஒரு படிவத்தை எடுத்துப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்