கழுத்து வலி: கொட்டான் (ஓலைக் கூடை) பின்னுகிற எல்லாருக்கும்

ஆச்சிமார், அக்கா, தங்கச்சி எல்லாருக்கும் வணக்கம்.

குனிந்த தலை நிமிராமல் ஓலை பின்னுகிறோம். கல்யாண சீசனில் கேட்கவே வேண்டாம். 3 மாதத்துக்கு மேல் நீடிக்கிற வலிக்குத் தைலம் மட்டும் போதாது, கழுத்தும் தோளும் பலப்பட வேண்டும்.

வளவுச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். பார்வை நேரே. தலை குனியாமல் தாடையை மட்டும் மெல்லப் பின்னால் இழுத்து 5 நொடி நிறுத்துங்கள், 10 தடவை. அடுத்து, தோள்பட்டை இரண்டையும் முதுகுப் பக்கம் நெருக்கி நிறுத்தி, பிறகு தளர்த்துங்கள். முதல் வாரம் லேசாக இழுத்துப் பிடிக்கும், பயந்து விட்டுவிடாதீர்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

கை மரத்தாலோ, பிடி தளர்ந்தாலோ, நடை தடுமாறினாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள். கழுத்தில் சொடக்கு எடுக்க மட்டும் யாரிடமும் தலையைக் கொடுக்காதீர்கள்.