தரையில் உட்கார்ந்து பாருங்கள்: தருமபுரி மாவட்ட வட்டாரக் கல்வி அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வட்டாரக் கல்வி அலுவலர்களுக்கும் வட்டார வள மைய ஆசிரியர் பயிற்றுநர்களுக்கும் வணக்கம்.

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து ஈராசிரியர் தொடக்கப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர் எழுதுகிறேன். ஈராசிரியர் பள்ளித் தலைமையாசிரியரின் பாடு என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நான்காம், ஐந்தாம் வகுப்புப் பாடம், எமிஸ் என்னும் பள்ளித் தகவல் இணையதளப் பதிவு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், தண்ணீர்த் தொட்டி மோட்டார் எல்லாம் ஒரே தலையில். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும் என்கிறது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை. ஐந்து வகுப்புகளை இரண்டு பேருக்கு எப்படிப் பிரிப்பது என்பதை அது எங்கள் சாமர்த்தியத்துக்கே விட்டுவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய வகுப்புகள் சேர்ந்து உட்காரும் அறைக்கு இந்த ஆண்டு புதிதாக ஓர் ஆசிரியை வந்திருக்கிறார். தென் மாவட்டத்துக்காரர். தகுதித் தேர்வு, நியமனத் தேர்வு, கலந்தாய்வு எல்லாம் தாண்டி வந்தவர். அவருக்காகத்தான் இந்த மடல். அவருக்குத் தெரிந்திருந்தால் எழுதவேண்டாம் என்று கையைப் பிடித்திருப்பார்.

அவர் பணியில் சேர்ந்த வாரமே வாட்ஸ்அப் குழுவில் தகவல் வந்துவிட்டது: வகுப்பறைப் புகைப்படங்களை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும். பிள்ளைகளின் பெயர்கூட அவருக்கு அப்போது முழுதாகத் தெரியாது. "சார், தருமபுரியில் பிளெக்ஸ் அடிக்கும் கடை எங்கே இருக்கிறது?" என்றுதான் என்னிடம் முதலில் கேட்டார். முதல் சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே பழங்கள், காய்கறிகள், வாகனங்கள், தேசத் தலைவர்கள் எல்லாரும் பளபளவென்று சுவரில் ஏறிவிட்டார்கள். படம் போனது. குழுவில் கைதட்டும் குறிகள் வந்தன. வேறொரு பள்ளியின் படத்தைப் போட்டு, இதுபோல் மற்றவர்களும் செய்யவேண்டும் என்றும் ஒரு வரி வந்தது.

அந்தப் படங்களெல்லாம் எந்த உயரத்தில் தொங்கின என்று யாரும் கேட்கவில்லை. வாசலில் நிற்கும் பெரியவரின் கண்ணுக்கு நேராகத் தொங்கின. தரையில் பாய் போட்டு உட்காரும் ஆறு வயதுப் பிள்ளை அண்ணாந்து பார்த்தால் பிளெக்ஸின் கீழ் விளிம்பும் மின்விசிறியும்தான் தெரியும்.

ஆகவே முதல் வேண்டுகோளை இங்கேயே வைத்துவிடுகிறேன். பள்ளியைப் பார்வையிட வரும்போது, நாற்காலியை நாங்கள் இழுத்துப் போடுவதற்கு முன், அந்தப் பாயில் சற்று நேரம் உட்கார்ந்து பாருங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மூன்றாம் வகுப்புப் பெஞ்சு இருக்கிறது, அதுவும் தாழ்வுதான். அங்கிருந்து கண்ணுக்குத் தெரிவதும் கைக்கு எட்டுவதும் எவையோ, அவை மட்டுமே அந்த வகுப்பறை. மீதமெல்லாம் நமக்காக நாமே மாட்டிக்கொண்டது.

இது நான் கண்டுபிடித்த சங்கதி அல்ல. பிள்ளைகள் பாட அட்டைகளை எடுத்து, ஏணிப்படி என்ற வரிசைப்படி ஒவ்வொன்றாகத் தாமே கற்கும் செயல்வழிக் கற்றல் 2007-08இல் மாநிலம் முழுவதும் வந்தபோது சுவரின் அடியில் கீழ்மட்டக் கரும்பலகை அடித்தோம், தலைக்கு மேல் கம்பிப் பந்தல் கட்டிப் பிள்ளைகளின் வேலைகளைத் தொங்கவிட்டோம். அந்த முறையின் மீது எனக்கு ஆயிரம் குறைகள் உண்டு. அட்டைகளை அடுக்கியே எங்கள் பாதி நாள் போயிற்று; இரண்டு அட்டை தொலைந்தால் ஏணிப்படியே நின்றுபோகும். ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் கை எட்டும் உயரத்தில் எழுத ஓர் இடம் என்றது மட்டும் அசல் யோசனை. பிறகு வெள்ளையடிப்பு வந்தபோது, பல பள்ளிகளைப் போல எங்கள் பள்ளியிலும் அந்தக் கரும்பலகையின் மேலேயே பெயின்ட் அடித்து மயிலும் ரயிலும் வரைந்துவிட்டார்கள். மயில் அழகாகத்தான் இருந்தது. அதன் மேல் எழுதத்தான் முடியவில்லை.

புதிய ஆசிரியைக்கு இந்தப் பழங்கதை தெரியாது. பயிற்சியில் படித்த நினைவோ, சொந்த யோசனையோ, ஒரு நாள் மயிலைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்தக் கீழ்ப்பகுதியைக் கறுப்பாக்கிவிடலாமா சார்?" என்றார். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி ஒரு பிள்ளையின் அம்மா. அவர் வீட்டுக்காரர் பெங்களூரில் பெயின்டர். மாரியம்மன் பண்டிகைக்கு ஊருக்கு வந்திருந்தவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அடித்துக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. பெயின்ட் செலவு மட்டும்தான். காய்ந்ததும் ஆசிரியை சாக்கட்டியால் கோடு போட்டு ஆளுக்கு ஒரு கட்டம் பிரித்தார்.

இரண்டாம் வகுப்பில் ஒரு பையன், நோட்டைத் திறக்கவே மாட்டான். சிவப்பு மையில் சுழித்த பக்கங்கள் அவனுக்கு நன்றாக நினைவிருக்கின்றன என்று நினைக்கிறேன். சுவரில் தன் கட்டத்தில் மட்டும் எழுதினான். 'ண' போடுவான்; சுழி எத்தனை என்று பக்கத்துக் கட்டத்தை எட்டிப் பார்ப்பான்; உள்ளங்கையால் அழித்துவிட்டு மறுபடி போடுவான். தப்பாக எழுதியது இருந்த இடம் தெரியாமல் போவதில் அவனுக்கு அத்தனை நிம்மதி. கையெல்லாம், கால்சட்டையெல்லாம் சுண்ணாம்புத் தூள். அவன் பாட்டி வந்து சண்டை போட்டுவிட்டுப் போனார். இந்தக் காட்சியைப் படமெடுத்து அனுப்பினால் குழுவில் யாரும் கைதட்ட மாட்டார்கள், ஏனென்றால் சுவர் அழுக்காகத் தெரியும்.

அடுத்தது பீரோ. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் தந்த சின்னப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் வந்திருக்கின்றன. அருமையானவை, எழுத்துக் கூட்டத் தொடங்கிய பிள்ளையே ஒரே மூச்சில் முடித்துவிட்டு, "ஒரு புத்தகம் படித்துவிட்டேன்" என்று சொல்லிக்கொள்ளலாம். பல பள்ளிகளில் அவை எங்கே இருக்கின்றன என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காரணம் சோம்பல் என்று எழுதிவிடாதீர்கள். காரணம் இருப்புப் பதிவேடு. பதிவேட்டில் ஏறிய புத்தகம் கிழிந்தால் தணிக்கையில் யார் பதில் சொல்வது? புதிதாக வந்தவருக்கு மூத்தவர்கள் காதோடு சொல்லும் முதல் அறிவுரையே, "எதையும் வெளியே எடுக்காதே அம்மா, மாறுதலில் போகும்போது கணக்குக் கொடுக்க முடியாது" என்பதுதான். எங்கள் ஆசிரியை கேட்கவில்லை. மளிகைக் கடையிலிருந்து அட்டைப் பெட்டிகள் வாங்கி, முன்பக்கத்தை வெட்டித் தாழ்வாக்கி, புத்தகங்களை அட்டை தெரிய நிறுத்தி வைத்திருக்கிறார். முதுகு மட்டும் தெரிந்தால் படிக்கத் தெரியாத பிள்ளை எதைப் பார்த்து எடுக்கும்? சில புத்தகங்கள் ஏற்கெனவே நைந்துவிட்டன. ஒன்றில் பின்னட்டை இல்லை. இன்னொன்றில் யானைக்கு மீசை முளைத்திருக்கிறது. இவற்றைப் பதிவேட்டிலிருந்து கழிக்க எளிய வழி ஒன்றை நீங்கள் எழுத்தில் தரவேண்டும். வாய்மொழியாக, "பரவாயில்லை, பயன்படுத்துங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவது எங்களைக் காப்பாற்றாது. பார்வைப் பதிவேட்டில் ஒரு வரி, உங்கள் கையெழுத்தோடு. அது போதும்.

அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான எண்ணும் எழுத்தும் திட்டத்துக்கு வருகிறேன். 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்று வரைக்கும், அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் வந்த திட்டம். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் கற்றல் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிப்பதில் எனக்கு உடன்பாடே. மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்திருக்கும் எங்களுக்கு அதுதான் நடைமுறைக்கு ஒத்த வழியும்கூட. ஆனால் பார்வைக்கு வந்த ஒருவர், எந்தப் பிள்ளை எந்த நிலை என்று பெயர்ப் பட்டியல் சுவரில் இருக்கவேண்டும் என்றார். ஆசிரியை அதை ஒட்டவில்லை. தன் குறிப்பேட்டில் வைத்திருக்கிறார். அவர் செய்ததே சரி என்று தலைமையாசிரியர் என்ற முறையில் நான் பொறுப்பேற்கிறேன். மேலாண்மைக் குழுக் கூட்டம் அதே அறையில்தான் நடக்கிறது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் தன் மகள் பெயர் அரும்பின் கீழே இருப்பதை அம்மா வந்து பார்ப்பார். பூவின் பெயர் வைத்தாலும் கடைசி வரிசை கடைசி வரிசைதான் என்பது பிள்ளைகளுக்கு இரண்டாம் நாளே விளங்கிவிடும்.

பெயர் சுவரில் வேண்டுமென்றால் வருகைக்கு வைக்கலாம். ஒரு நைலான் கயிறு, துணிக்கு மாட்டும் கிளிப், ஆளுக்கொரு பெயரட்டை. காலையில் வந்ததும் தன் அட்டையை எடுத்துத் தானே மாட்டவேண்டும். தன் பெயரை முதலில் படிக்கிறார்கள், பிறகு தோழியின் பெயரை, பிறகு யார் வரவில்லை என்பதை. எங்கள் ஊரில் இதற்கு இன்னொரு வசதியும் உண்டு. அப்பா, அம்மா பெங்களூர்க் கட்டட வேலைக்கோ திருப்பூருக்கோ போகும்போது பிள்ளையையும் கூட்டிச் செல்கிறார்கள், நடு ஆண்டில் திரும்பக் கொண்டுவந்து பாட்டியிடம் விடுகிறார்கள். பிளெக்ஸில் அடித்த பெயர்ப் பட்டியலில் அந்தப் பிள்ளைக்கு இடம் இருக்காது. கயிற்றில் ஒரு கிளிப் கூடுவதற்கு எந்நேரமும் இடம் உண்டு.

அதே திட்டத்துக்காகப் பாடல் களம், கதைக் களம், படைப்புக் களம், பொம்மலாட்டக் களம் என்று மூலைக்கு மூலை பலகை மாட்டச் சொல்வது பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் அறையில் ஒரு மூலையில் பீரோ, ஒரு மூலையில் உடைந்த மேசைகள், ஒரு மூலை மழைக்கு ஒழுகும். ஆக மிஞ்சியது ஒன்றே. அதில் காலையில் கதை, மதியம் களிமண். பலகை மாட்டவில்லை, பிள்ளைகளுக்குக் குழப்பமும் இல்லை. உடைந்த மேசைகளைக் கழிவு செய்ய அனுமதி கிடைத்தால் இன்னொரு மூலை கிடைக்கும். அந்தக் கோப்பு உங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறது.

கணக்குக்கு வாங்கிய பொருள் ஒன்றுமில்லை. மாசி, பங்குனியில் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு புளி தட்டுவார்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பிடி புளியங்கொட்டை கொண்டுவந்தால் ஆண்டு முழுவதும் தாங்கும். பத்துப் பத்தாகத் துணியில் முடிந்து, பத்து முடிச்சு சேர்ந்தால் நூறு. புதிதாக வரும் மற்ற ஆசிரியர்களுக்கும் நீங்கள் இதைப் பரிந்துரைப்பதானால் ஒரு எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்லுங்கள்: ஒன்றாம் வகுப்புக்கு மட்டும் கொட்டை வேண்டாம், மூக்கில் போட்டுக்கொள்வார்கள். அவர்களுக்குச் சோளத்தட்டையை விரல் நீளத்துக்கு வெட்டிக் கொடுத்தால் போதும்.

பணம். ஒருங்கிணைந்த பள்ளி மானியம் 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000. அதில் பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கு. எங்கள் பள்ளி முதல் படியில் நிற்கிறது. சாக்கட்டி, துடைப்பம், பல்பு, பூட்டு, குழாய் ரிப்பேர் போக வகுப்பறைக்கென்று மிஞ்சுவது சொற்பம். அதுவும் எங்கள் அனுபவத்தில் கணக்கில் ஏறும்போது பாதி ஆண்டு ஓடியிருக்கும். வகுப்பறையை அமைக்கும் செலவு ஜூனில் வருகிறது. ஜூனில் காசில்லாதபோது படம் கேட்டால், அது புதியவரின் கைப்பணத்தைக் கேட்பதாகத்தான் முடிகிறது. எனவே இரண்டில் ஒன்று செய்யுங்கள்: புதிதாகச் சேர்ந்தவருக்குச் சிறு தொகையையாவது ஜூனிலேயே விடுவிக்க மேலே எழுதுங்கள், அல்லது முதல் பருவம் முடியும்வரை அவரிடம் வகுப்பறைப் படம் கேட்காதீர்கள். உங்களையும் மாவட்டத்திலிருந்து கேட்கிறார்கள் என்பதை நான் அறியாதவன் அல்லன். ஒன்றியத்துக்குச் சில பள்ளிகள் படம் அனுப்பாவிட்டால் உங்கள் பட்டியலில் சிவப்பு விழும். அந்தச் சிவப்பை ஒரு பருவம் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

தொடக்கத்தில் சொன்ன பிளெக்ஸ்கள் என்னவாயின என்று கேட்பீர்கள். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்போது பிளெக்ஸ் எம்மாத்திரம். பாதி கிழிந்தது, மீதியை வாக்குச்சாவடிக்கு அறையைக் கொடுக்கும் நாளில் எப்படியும் கழற்றத்தான் வேண்டும். ஒழுகும் மூலைக்கு மேலே ஓட்டில் விரித்திருக்கிறோம், அங்கே நன்றாக உழைக்கிறது.

கடைசியாக ஒன்று. பொது மாறுதல் கலந்தாய்வு வரும். இவரும் ஒரு நாள் ஊர்ப்பக்கம் போய்விடுவார். பெற்றோர் அங்கே இருக்கிறார்கள், குறை சொல்ல மாட்டேன். வடமாவட்டங்களில் பணியைத் தொடங்கித் தெற்கே போகிறவர்களை வழியனுப்பி எங்களுக்குப் பழகிவிட்டது. பொறுப்பு ஒப்படைக்கும்போது பீரோச் சாவியும் பதிவேடுகளும் கைமாறுகின்றன, வகுப்பறை கைமாறுவதில்லை. அடுத்து வருபவர் அட்டைப் பெட்டிகளைக் குப்பை என்று எறிவார், சுவரில் மறுபடியும் மயில் வரும். ஒப்படைப்புப் படிவத்தில் ஒரு பக்கம் கூட்டுங்கள். எந்தப் பொருள் எங்கே, எதற்காக இருக்கிறது, எந்தப் பிள்ளை எதை விரும்பி எடுக்கிறது என்று போகிறவர் எழுதிக் கொடுக்கட்டும். அலுவலக மொழி தேவையில்லை, ஒரு பக்கம் போதும். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் நீங்கள் அறிவித்தால், மாதிரிப் படிவத்தை எங்கள் பள்ளியிலிருந்தே எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
ஈராசிரியர் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர்,
பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரம், தருமபுரி மாவட்டம்.