செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. புதியவர்களுக்கு விக்கிப்பீடியாவில் எழுதப் பயிற்சி கொடுத்தோம். ஆண்டு விழா வழக்கம்போல் நடந்தது.

மற்றபடி இந்த ஆண்டு முழுக்க ஒரே கட்டுரைதான் பேச்சு. நம் முன்னாள் தலைவரைப் பற்றி ஓர் உறுப்பினர் விக்கிப்பீடியாவில் எழுதினார். அதை நீக்கலாமா என்ற உரையாடல் அங்கே தொடங்கியது. "செயலாளர் என்ன செய்துகொண்டிருந்தார்?" என்று கேட்டார்கள். சொல்கிறேன்.

ஒருவருக்கு விக்கிப்பீடியாவில் கட்டுரை இருக்கலாமா என்று பார்க்கிற அளவுகோலுக்குக் குறிப்பிடத்தக்கமை என்று பெயர். அது ஆள் பெரியவரா, நல்லவரா என்பதல்ல. அவரோடு தொடர்பில்லாத நம்பகமான வெளியீடுகள் அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கின்றனவா என்பதுதான் அங்கே கேட்கிற கேள்வி. கட்டுரையில் இருந்த சான்றுகள் எவை? நம் சங்க மலர், தன் நூலுக்கு அவரே எழுதிய முன்னுரை, ஒரு விழா அழைப்பிதழ். மூன்றும் நம் வீட்டுச் சாட்சிகள். இப்படி ஆகும் என்றுதான், செய்தித்தாள் நறுக்கு, பழைய இதழ்களில் வந்த மதிப்புரை எது இருந்தாலும் கொடுங்கள் என்று முன்கூட்டியே சுற்றறிக்கை அனுப்பினேன். கொடுத்தவர்கள் இரண்டே பேர்.

ஆனால் உரையாடல் தொடங்கியதும், மாதக் கூட்டத்தில் முகம் காட்டாதவர்கள்கூட அன்றே கணக்குத் திறந்து 'வேண்டும்', 'அவசியம் வேண்டும்' என்று வரிசையாக எழுதினார்கள். அது வாக்கெடுப்பு அல்ல ஐயா, அங்கே காரணத்துக்குத்தான் எடை. கூட்டிவந்த ஆட்கள் என்று தெரிந்த பிறகு, நாங்கள் சேர்த்த இரண்டு நல்ல மதிப்புரைகளையும் யாரும் நிதானமாகப் பார்க்கவில்லை. கட்டுரை போய்விட்டது.

கனடா நாட்டு இயற்பியலாளர் டோனா ஸ்டிரிக்லண்டையே திருப்பி அனுப்பியவர்கள்தானே என்று ஒருவர் கேட்டார். உண்மைதான். அவரைப் பற்றிய வரைவை, சான்று போதாது என்று 2018 மே மாதம் ஆங்கில விக்கிப்பீடியாவில் ஏற்கவில்லை. அக்டோபரில் அவருக்கு இயற்பியல் நோபல் அறிவித்தார்கள். ஆனால் அந்த வழக்கு நமக்கு உதவாது. நோபல் வந்ததும் உலகமே அவரைப் பற்றி எழுதியது. நம் தலைவரைப் பற்றி எழுதியவை பழைய இதழ்களில் முடங்கிக் கிடக்கின்றன, தேடத்தான் ஆள் இல்லை.

அந்த வேலையை நான் தொடங்கியிருக்கிறேன். கிடைத்தவற்றை நகலெடுத்து, இதழ் பெயர், மாதம், பக்க எண்ணோடு கோப்பில் வைத்திருக்கிறேன். வரைவு என் மணல்தொட்டியில், அதாவது விக்கிப்பீடியாவில் எழுதிப் பார்க்கும் என் பயிற்சிப் பக்கத்தில், இருக்கிறது. நீக்கிய கட்டுரையைப் புதிய சான்றுகளோடு மறுபடி எழுதத் தடையில்லை.

வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. 'அவசியம் வேண்டும்' என்று எழுதியவர்களில் பலருக்குச் சந்தா பாக்கி இருப்பதையும் அவர் சொல்லச் சொன்னார்.

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், இடம் கொடுத்தவர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் இந்தப் பொறுப்பில் தொடர எனக்குப் பெரிய ஆவல் இல்லை. ஆனால் கோப்பு பாதியில் நிற்கிறது. அதை எடுத்துச் செய்ய விரும்புபவர்கள் இன்றே பெயர் கொடுக்கலாம். யாரும் இல்லையென்றால், சரி, கூட்டம் சொல்கிறபடி.