ஏக்கருக்கு ஒரு ஓட்டு

ஆர்லாண்டோ
17 நவம்பர் 2024

அன்புள்ள சுந்தரம்,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடுகிறாயா, இல்லை பழைய நிலுவைப் பட்டியல் மாதிரி நாளைக்கு நாளைக்கு என்று தள்ளுகிறாயா? தங்கச்சி பக்கத்தில் இருப்பதால் அதிகம் பயமில்லை.

நாங்கள் சௌக்கியம். பேத்தி டிஸ்னிக்கு இழுத்துக்கொண்டு போனாள். எனக்கு முட்டி வீங்கியதுதான் மிச்சம். ஒரு சின்னப் படகுச் சவாரிக்கு ஒரு மணி நேரம் வரிசையில் நின்றேன். திருப்பதியில்கூட நடுவில் உட்கார இடம் கொடுப்பார்கள்.

நீ எழுதியிருந்தாயே, "டிஸ்னிக்காரன் ஐம்பது வருஷமாக வரியே கட்டவில்லையாம், அந்தச் சலுகையை புளோரிடா கவர்னர் பிடுங்கிவிட்டாராம்" என்று. முப்பது வருஷம் ரெவின்யூ செக்ஷனில் உட்கார்ந்தவன் கேட்கிற கேள்வியா இது? ஆனால் உன்னைச் சொல்லிக் குற்றமில்லை, இங்கே இருப்பவர்களே பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். எனக்கே விஷயம் பிடிபட்டது என் பையனுடைய வீட்டு வரி நோட்டீஸைப் பார்த்த பிறகுதான்.

நோட்டீஸ் இந்த மாதம் வந்தது. நவம்பரில் கட்டினால் 4 சதவீதம் தள்ளுபடி, டிசம்பரில் 3, அப்படியே இறங்கி பிப்ரவரியில் 1. பழக்கதோஷத்தில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். கவுன்டிக்கு (நம் ஜில்லா மாதிரி) தனி வரி, பள்ளிக்கூடத்துக்குத் தனி வரி, நீர் மேலாண்மைக்குத் தனி வரி. கீழே, சொத்து மதிப்போடு சம்பந்தமில்லாமல், ஒரு பெரிய தொகை. இது என்னடா என்று கேட்டால், "அது சி.டி.டி.ப்பா, எல்லாரும் கட்டுவதுதான்" என்கிறான். எல்லாரும் கட்டுவதுதான் என்றால் விட்டுவிடுகிற ஆளா நான்?

கேட்டுக்கொள். வயல்வெளியில் ஒருவன் ஆயிரம் வீடு கட்ட வருகிறான். ரோடு, குழாய், வடிகால் எல்லாம் போட வேண்டும். கவுன்டி காசு தராது. அதனால் அந்த மனைப்பிரிவையே ஒரு குட்டி அரசாங்கமாகப் பதிவு செய்கிறார்கள். அதுதான் சி.டி.டி., அதாவது சமூக மேம்பாட்டு மாவட்டம். அது, வட்டிக்கு வருமான வரி இல்லாத கடன் பத்திரம் வெளியிட்டு, வாங்கிய பணத்தில் வேலையை முடிக்கும். கடனை முப்பது வருஷம் அடைப்பது வீடு வாங்கியவன். பையன் வீட்டுப் பின்புறம் ஒரு குளம் இருக்கிறது, "முதலை ஜாக்கிரதை" என்று பலகை வைத்து. மழைத்தண்ணீர் வடிய வெட்டிய குளம். அதுவும் அந்தக் குட்டி அரசாங்கத்துச் சொத்துதான்.

இதை யார் ஆள்வது? ஆரம்பத்தில் ஏக்கருக்கு ஒரு ஓட்டு. நிலம் முழுக்க பில்டர் கையில் இருப்பதால் அவனே எல்லாம். ஆனால் சட்டம் ஒரு கெடு வைத்திருக்கிறது. ஆறு வருஷம் ஆகி, 250 வாக்காளர்கள் குடியேறிவிட்டால், ஏக்கர் ஓட்டு படிப்படியாகப் போய் ஆளுக்கு ஒரு ஓட்டு வந்துவிடும். என்னைக் கேட்டால் இது நியாயமான ஏற்பாடுதான். ஆளே இல்லாத காட்டில் யாரைக் கூப்பிட்டு ஓட்டுப் போடச் சொல்வது?

இப்போது டிஸ்னிக்கு வா. இதே யோசனையை அவர்கள் இந்தச் சட்டத்துக்கெல்லாம் முன்பே, 1967லேயே, தங்களுக்கென்று தனிச் சட்டமாக வாங்கிக்கொண்டார்கள். பெயர் ரீடி கிரீக் மேம்பாட்டு மாவட்டம். சுமார் 25,000 ஏக்கர், ஆரஞ்ச், ஆசியோலா என்ற இரண்டு கவுன்டிகளில் காலை நீட்டிக்கொண்டு கிடக்கிறது. நிறைய இடம் சதுப்பு நிலம். பினாமிக் கம்பெனிகளின் பெயரில் சத்தமில்லாமல் வாங்கியது. 1965 அக்டோபரில் உள்ளூர்ப் பத்திரிகை விஷயத்தை உடைத்ததும் விலை எகிறியது, அதற்குள் பெரும்பகுதி கைக்கு வந்தாகிவிட்டது.

தண்ணீர் வடிய வைக்க பனாமா கால்வாய்ப் பகுதிக்கு கவர்னராக இருந்த ஜோ பாட்டர் என்ற ஜெனரலைக் கொண்டுவந்தார்கள். கால்வாய்களை நேர்க்கோட்டில் வெட்டாமல், ஆறு போல வளைத்து வளைத்து வெட்டினார்கள். மதகுகள் மிதவையால் தானே திறந்து தானே மூடும், ஆள் வேண்டாம். மதகு திறக்கிற நம் லஸ்கர்கள் நடுராத்திரியில் டார்ச் லைட்டோடு ஓடியது ஞாபகம் வந்தது.

அதிகாரப் பட்டியலைப் பார்த்தால் உனக்குச் சிரிப்பு வரும். தீயணைப்பு, குடிநீர், சாக்கடை, கட்டட அனுமதி எல்லாம் சரி. விமான நிலையம் கட்டலாம், ஏன், அணுமின் நிலையம்கூடக் கட்டலாம் என்று அந்த 1967 சட்டத்தில் இருந்தது! கடைசி வரை கட்டவில்லை என்பது வேறு விஷயம்.

வரிக்கு வருகிறேன். டிஸ்னி கவுன்டிக்கும் வரி கட்டியது, ரீடி கிரீக்குக்கும் வரி கட்டியது. கவுன்டி ஆயிரம் டாலர் மதிப்புக்கு 10 டாலருக்கு மேல் போட முடியாது. இந்த மாவட்டமோ 30 டாலர் வரை போடலாம். அதாவது தனக்குத் தானே கூடுதல் வரி போட்டுக்கொண்டு, தன் ரோட்டைத் தானே போட்டுக்கொண்டது. லாபம் வரியில் இல்லை. மலிவான வட்டியிலும், யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காமல் கட்டிக்கொண்டே போனதிலும்தான் இருந்தது. பிளான் அப்ரூவலுக்கு நம் மேஜைக்கு முன்னால் செருப்புத் தேய நின்றவர்களை நினைத்துப் பார், இதன் அருமை புரியும்.

என் மனதை உறுத்துவது வேறு. பையன் மனைப்பிரிவில் ஏக்கர் ஓட்டுக்குக் கெடு இருக்கிறது, டிஸ்னிக்குக் கெடுவே இருந்ததில்லை. 1967ல் சட்டசபையில் காட்டிய கனவு, இருபதாயிரம் பேர் வாழப்போகும் எப்காட் என்ற எதிர்கால நகரம். வால்ட் டிஸ்னி அதற்கு முந்தைய டிசம்பரிலேயே காலமாகிவிட்டார். நகரம் வரவில்லை. அந்தப் பெயரில் ஒரு பார்க்தான் வந்தது. உள்ளே இரண்டு "நகரங்கள்" காகிதத்தில் உண்டு. இரண்டும் சேர்த்து மக்கள்தொகை ஐம்பது சொச்சம், கம்பெனியோடு சம்பந்தப்பட்டவர்கள். தொண்ணூறுகளில் செலிப்ரேஷன் என்று நிஜமாகவே ஊர் ஒன்றைக் கட்டினார்கள். கட்டும்போதே அந்த நிலத்தை மாவட்ட எல்லையிலிருந்து கழற்றிவிட்டார்கள். வீடு வாங்கி வருகிறவன் ஓட்டோடு வருவானே! இந்த ஒரு காரியத்தைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

ஆனால் கவர்னர் டிசாண்டிஸ் இதற்காகவா கையை வைத்தார்? 2022ல் பள்ளிக்கூடத்தில் பாலியல் அடையாளம் பற்றிப் பேசுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று வந்தது. டிஸ்னி அதை எதிர்த்துப் பேசியது. அடுத்த மாதமே மாவட்டத்தைக் கலைக்கிற சட்டம். அப்புறம்தான் யாரோ கணக்குப் புத்தகத்தைப் புரட்டியிருக்கிறார்கள்: கிட்டத்தட்ட 100 கோடி டாலர் கடன் பத்திரம் பாக்கி. மாவட்டம் போனால் அந்தக் கடன் கவுன்டி மக்கள் தலையில். போதாததற்கு, கடன் அடையும் வரை அதிகாரத்தில் கை வைக்க மாட்டோம் என்று மாநிலமே பழைய சட்டத்தில் பத்திரக்காரர்களுக்கு எழுதிக்கொடுத்திருக்கிறது. சரி, கலைக்க வேண்டாம், பெயரை மாற்று, அதை நடத்துகிற போர்டின் ஐந்து உறுப்பினரையும் கவர்னரே நியமிக்கட்டும் என்று 2023 பிப்ரவரியில் முடித்துவிட்டார்கள்.

பழைய போர்டு சும்மா போகவில்லை. அதே மாதம் 8ஆம் தேதி, சட்டம் நிறைவேறுகிற வாரத்திலேயே, பெரும்பாலான அதிகாரத்தை டிஸ்னிக்கே எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். ஒளித்துச் செய்யவில்லை, முறைப்படி கூட்டம் போட்டுத்தான். எதுவரை செல்லும் தெரியுமா? இங்கிலாந்து மன்னர் சார்லஸின் வாரிசுகளில் அன்றைக்கு உயிரோடிருந்த கடைசி ஆள் இறந்து 21 வருஷம் வரை! ஒப்பந்தம் முடிவில்லாமல் ஓடக்கூடாது என்ற பழைய ஆங்கிலச் சட்டத்துக்காக வக்கீல்கள் வைக்கிற கணக்கு. அரச குடும்பம் என்றால் யார் இருக்கிறார், யார் போனார் என்று உலகத்துக்கே தெரியும். நம் பத்திரங்களில் "ஆசந்திரார்க்கம்" என்று எழுதினோம், இவர்கள் சூரிய சந்திரனுக்குப் பதில் ஒரு குழந்தையைக் கைகாட்டியிருக்கிறார்கள். புது போர்டுக்கு இது கண்ணில் படவே மார்ச் கடைசி ஆகிவிட்டது.

அப்புறம் வழக்குக்கு மேல் வழக்கு. இந்த மார்ச்சில் சமாதானம். அந்த சார்லஸ் காகிதம் செல்லாது என்று டிஸ்னியே ஒப்புக்கொண்டது. ஜூனில் 15 வருஷத்துக்குப் புது ஒப்பந்தம்: டிஸ்னி 1,700 கோடி டாலர் வரை போடும், ஐந்தாவது பெரிய பார்க்குக்கும் இடம் உண்டு. இரண்டு வருஷம் மல்லுக்கட்டிவிட்டு விருந்தில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்த கதைதான். ஏக்கருக்கு இருந்த ஓட்டு போயிற்று, ஆளுக்கு ஓட்டு வரவில்லை. ஆர்லாண்டோவில் இருக்கிறவனுக்கு முன்பும் அந்த போர்டில் பேச்சில்லை, இப்போதும் இல்லை.

பையனிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, "உங்கள் குட்டி அரசாங்கத்திலாவது ஓட்டுப் போட்டாயா?" என்று கேட்டேன். பன்னிரண்டு நாள் முன்புதான் தேர்தல். "எனக்கு இன்னும் கிரீன் கார்டுதானேப்பா, ஏது ஓட்டு?" என்றான். பில்டர் காலத்து ஏக்கர் முறையாக இருந்திருந்தால், கால் ஏக்கர் மனைக்கும் முழு ஓட்டு இருந்திருக்கும். அவன் பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டு உள்ளவர். அவரைக் கேட்டால், "எங்கள் போர்டில் இரண்டு இடத்துக்கு மனுவே வரவில்லை, வேலைவெட்டி இல்லாதவன்தான் அதற்குப் போவான்" என்று சிரிக்கிறார். எனக்குக் கை துறுதுறுத்தது.

மறந்துவிட்டேனே, என் வீட்டு அரையாண்டு வரியைக் கட்டினாயா? அக்டோபருக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை என்று நீதான் போனில் சொன்னாய். அக்டோபர் போய் பதினேழு நாள் ஆகிறது. இன்னும் கட்டவில்லை என்றால் வெளியில் சொல்லாதே, ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வீடு என்று சிரிப்பார்கள். கட்டிவிட்டு ரசீதை போட்டோ எடுத்து அனுப்பு.

உன்,
கணேசன்