கத்தியைக் கம்பெனிக்கு அனுப்பும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பு வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "கத்தி ஆடுது, வாரண்டியில் அனுப்பிச் சரி பண்ணித் தாங்க" என்று நீங்கள் எங்கள் மேசையில் வைக்கும் மடக்குக் கத்திகளில் பலவற்றைக் கம்பெனிக்கு அனுப்பவே வேண்டியதில்லை. கட்டாயம் அனுப்ப வேண்டிய சில கத்திகளோ, வீட்டில் யாராவது முழுசாகப் பிரித்துப் பார்த்துவிட்டதால் வாரண்டி இல்லை என்று திரும்பி வருகின்றன. இரண்டையும் தவிர்க்கலாம். அதற்காகத்தான் இந்த மடல்.

முதலில், எப்படி ஆடுகிறது என்று பாருங்கள். அலகைத் திறந்து, அதை மடங்காமல் பிடிக்கும் பூட்டு விழுந்ததும், முனையை மெல்லப் பிடித்து இடமும் வலமும் அசையுங்கள். பக்கவாட்டில் ஆடினால் பெரும்பாலும் அச்சுத் திருகு, அதாவது அலகு சுழலும் இடத்துத் திருகு, தளர்ந்திருக்கும். சரியான அளவு ஆறுமுனை நட்சத்திரத் திருப்புளியால் (டார்க்ஸ்) கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்கினாலே நின்றுவிடும். அளவு பொருந்தாத திருப்புளியைப் போட்டு நெம்பினால் திருகின் தலை மழுங்கிவிடும், அப்புறம் அதைக் கழற்றுவதே பெரும்பாடு. சுவிஸ் கம்பெனியான விக்டோரினாக்ஸின் பல கத்திகள் மாதிரி ஆணி அடித்து இணைத்த கத்திகளில் இறுக்கத் திருகே கிடையாது. அவற்றைச் சுத்தியலால் தட்டிப் பார்க்காமல் அப்படியே கொண்டுவாருங்கள்.

அலகு மேலும் கீழும் ஆடினால் விஷயம் வேறு. அது பூட்டின் கோளாறு. லைனர் லாக் (உள்தகட்டுப் பூட்டு) கத்தி என்றால் திறந்து வைத்து, வெளிச்சத்தில் பின்பக்கம் உற்றுப் பாருங்கள். கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு நகர்ந்து வந்து அலகின் அடியைத் தாங்கி நிற்கும். புதுக் கத்தியில் அந்தத் தகடு அலகின் அடியில் ஒரு ஓரமாகத்தான் நிற்கும். தேயத் தேயக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்ப்பக்கம் நகரும். எதிர்ச்சுவரையே தொட்டுவிட்டது என்றால் இனி இறுக்கிப் பிடிக்க அதற்கு இடமில்லை. அந்தக் கத்தியை அன்றே உபயோகத்திலிருந்து எடுத்து வைத்துவிடுங்கள். வேலைக்கு நடுவே அலகு மடங்கினால் வெட்டுப்படுவது உங்கள் விரல்தான்.

கைப்பிடியின் முதுகில் அழுத்தி மூடும் பூட்டில் மட்டும் ஒரு வேலை செய்யுங்கள். அலகின் அடியில் ஒரு சின்ன வெட்டுப்பள்ளம் இருக்கும். சட்டைப்பையின் பஞ்சு அதில் அடைந்து கெட்டியாகிவிட்டால் பூட்டு பாதிதான் உட்காரும். பல்குச்சியால் அதை நோண்டி எடுத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டதும் 'டக்'கென்று பழைய சத்தம் திரும்பிய கத்திகளை எங்கள் கையாலேயே பார்த்திருக்கிறோம்.

சரி, வாரண்டி எதற்குச் செல்லும்? பொருளிலோ செய்நேர்த்தியிலோ குறை இருந்தால் செல்லும். விக்டோரினாக்ஸும் பக் (Buck) கம்பெனியும் கத்தியின் ஆயுள் முழுக்க இதற்குப் பொறுப்பேற்கின்றன. லெதர்மேன் தன் கருவிகளுக்கு 25 வருடம் தருகிறது. ஆனால் புழங்கிப் புழங்கித் தேய்ந்தது, துரு, தவறான உபயோகம் இதில் சேராது. டப்பா மூடியை நெம்பி முனை ஒடிந்திருந்தால் அப்படியே சொல்லிவிடுங்கள். உடைந்த இடத்தைப் பார்த்தாலே அவர்களுக்குப் பெரும்பாலும் புரிந்துவிடும். உண்மையைச் சொன்னால் கட்டணத்துக்குச் சரிசெய்து தர முடியுமா என்றாவது கேட்கலாம்.

இனி நாங்கள் மிகவும் வற்புறுத்திச் சொல்ல நினைப்பது. பல கம்பெனிகளின் நிபந்தனையில், சரிசெய்வதா மாற்றித் தருவதா என்பது அவர்கள் முடிவு. ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் தன் அப்பாவின் கத்தியைக் கொடுத்தார். கைப்பிடியில் கட்டைவிரல் பட்ட இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கும். நாங்கள் "பூட்டு பிடிக்கவில்லை" என்று மட்டும் எழுதி அனுப்பினோம். பளபளவென்று புதுக் கத்தி வந்தது. அவர் அதை ஒருமுறை திறந்தார், மூடினார், மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். அந்தப் பழைய கத்தியைத் திரும்பப் பெற எங்களால் முடியவில்லை. இதே கத்திதான் வேண்டும் என்று எழுதியிருக்க வேண்டியது நாங்கள். இன்றைக்கும் அது எங்கள் மனத்தை விட்டுப் போகவில்லை.

அதனால் இப்போது எங்கள் கடிதத்தின் முதல் வரியே இதுதான்: "சரிசெய்ய முடியாவிட்டால் மாற்றித் தர வேண்டாம், இதே கத்தியைத் திருப்பி அனுப்புங்கள்." உங்களுக்குப் புதியது வந்தாலும் பரவாயில்லை என்றால் சொல்லுங்கள், அந்த வரியை எடுத்துவிடுகிறோம். அலகில் படிந்த பழைய நிறம் அப்படியே இருக்க வேண்டுமா, சாணை பிடிக்கலாமா கூடாதா என்பதையும் சொல்லிவிடுங்கள். கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. என்ன கோளாறு, எப்போது தெரிகிறது, என்ன வேண்டும் என்று மூன்று நான்கு வரி போதும். பெட்டியைப் பிரிப்பவர் கத்தியைக் கையில் எடுக்கும்போதே அது அவர் கண்ணில் பட வேண்டும்.

கத்தியைக் கழுவித் துடைத்துக் காயவைத்துத் தாருங்கள். பிசுக்கும் மண்ணும் ஒட்டிய கத்தியைப் பழுது பார்ப்பவர்மேல் திணிப்பது நியாயமில்லை. உறை, கயிறு, அழகான டப்பா எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும், போனால் திரும்பாது. அனுப்பும் முன் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள், பில்லையும் சேர்த்து.

பொதியும்போது அலகை மடக்கி, திறக்காதபடி டேப் சுற்றி, அட்டையில் பொதிந்து, கெட்டிப் பெட்டிக்குள் அசையாமல் வைக்க வேண்டும். வெறும் காகித உறையில் போட்டால் வழியில் கிழித்துக்கொண்டு வெளியே வரும், எடுப்பவர் கையையும் வெட்டும். உள்ளே கத்தி என்று உண்மையாகவே எழுதுங்கள். தபாலோ கூரியரோ, கத்தியை ஏற்பார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பொத்தானை அழுத்தினால் தானே விரியும் வகைக்கு விதிகள் இன்னும் கடுமை. அமெரிக்காவில் அதைத் தபாலில் அனுப்ப மத்தியச் சட்டமே பொதுவாக அனுமதிப்பதில்லை.

உங்கள் நாட்டிலேயே அந்தக் கம்பெனியின் சர்வீஸ் மையம் இருந்தால் அங்கேதான் அனுப்புவோம். நாடு தாண்ட வேண்டுமென்றால், பழுதுபார்க்கப் போகிறது, விற்பனைக்கு அல்ல என்று சுங்கப் படிவத்தில் தெளிவாக எழுதி, போனதற்கான ரசீதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது புதுச் சரக்கு என்று எண்ணி வரி போட வாய்ப்புண்டு.

போய்வர வாரங்கள் ஆகும், சில சமயம் மாதங்களும் ஆகும். திரும்பி வந்ததும் சொல்லியனுப்புகிறோம். பெட்டியை எங்கள் முன்னாலேயே பிரித்து, பத்துப் பன்னிரண்டு தடவை திறந்து மூடி, பூட்டு எங்கே உட்காருகிறது என்று பார்த்துவிட்டு எடுத்துப் போங்கள். குறை இருந்தால் அன்றே எழுதிவிடலாம்.

அன்புடன்,
உங்கள் கத்திக் கடையினர்